பூட்டு சாவிப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

மேல்நிலை வகுப்புகளில் உயிரியலும் வேதியியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



நொதிகள் பாடம் வரும்போது நீங்கள் கரும்பலகையில் போடும் படம் எனக்கு மனப்பாடம். பக்கவாட்டில் பள்ளம் விழுந்த ஒரு பெரிய உருண்டை. அந்தப் பள்ளத்தில் அச்சாகப் போய் உட்காரும் ஒரு சின்ன முக்கோணம். பூட்டும் சாவியும் என்று இதை முதலில் சொன்னவர் எமில் ஃபிஷர், 1894-இல். நொதி என்பது புரதம்தானா என்றே அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. அதன் உருவத்தை ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்காமல் சொன்னதற்கு அது அபாரமான ஊகம். ஆனால் பார்த்த பிறகும் நாம் அதையே வரைந்துகொண்டிருக்கிறோம். தளப்பொருள் வந்து சேரும்போது நொதி தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்று டேனியல் கோஷ்லாந்து 1958-இல் சொன்னதை, மணி அடிக்கப் போகிற நேரத்தில் ஒரு வரியாகச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு ஒரு வகுப்பிலாவது அந்த உருண்டையை அழித்துவிட்டு, உண்மையான ஒரு நொதியைக் காட்டுங்கள். எதைக் காட்டுவது என்று கேட்டால் எச்.ஐ.வி. வைரஸின் புரோட்டியேஸ் என்பேன். படிகவியல் கூடத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு அதன் மீது ஒரு தனிப் பாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வகுப்பறைக்கு இதைவிடத் தோதான நொதி கிடைப்பது கடினம். அளவில் சிறியது. அதை வைத்து மருந்து செய்த கதை முழுதாகக் கைவசம் இருக்கிறது. அந்தக் கதையில் தப்பும் திருத்தமும் தாராளமாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிபடுவது அங்கேதான்.

முதலில் அது செய்யும் வேலை. எச்.ஐ.வி. தன் புரதங்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய நீளமான சங்கிலிகளாகவே செய்கிறது. காக் என்பது ஒரு சங்கிலி. காக்-போல் என்பது அதைவிட நீளமான இன்னொன்று. வைரஸின் நொதிகள் இதில்தான் இருக்கின்றன. இந்தச் சங்கிலிகளைக் குறிப்பிட்ட இடங்களில், ஏறக்குறைய பத்து இடங்களில், வெட்டிப் பிரிப்பதுதான் புரோட்டியேஸின் பணி. விசித்திரம் என்னவென்றால், வெட்டும் நொதியும் அதே சங்கிலிக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. தன்னையும் தானே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். செல்லிலிருந்து பிதுங்கி வெளியேறும் புது வைரஸ், இந்த வெட்டு நடந்து முடிந்தால்தான் முதிர்ச்சி அடையும். உள்ளே கூம்பு வடிவக் கூடு உருவாகும். வெட்டு நடக்கவில்லை என்றால் வைரஸ் வெளியே வரும், ஆனால் யாரையும் தொற்றாது. நொதியின் வெட்டும் மையத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் இப்படித் தொற்றுத்திறன் அற்றுப்போகும் என்பதை மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் 1988-இல் காட்டினார்கள். மருந்து செய்யத் தகுந்த இலக்கு இது என்பது அதன் பின் உறுதியாயிற்று.

இனி வடிவத்துக்கு வருகிறேன். நம் வயிற்றில் இருக்கும் பெப்சினும் இந்த நொதியும் ஒரே குடும்பம். இரண்டும் அஸ்பார்டிக் அமிலத்தைக் கொண்டு வெட்டுபவை. (எக்ஸ் கதிர்ச் சிதறலைத் தெளிவாகக் காட்டிய முதல் புரதப் படிகமும் பெப்சின்தான். 1934-இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதி கிரோஃபுட்டும் படிகத்தைக் காயவிடாமல், அதன் தாய்க்கரைசலோடு வைத்துப் படம் எடுத்தார்கள். காயவைத்து எடுத்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.) பெப்சினில் முந்நூற்றுக்கும் அதிகமான அமினோ அமிலங்கள் உண்டு. சங்கிலி இரண்டு பாதிகளாக மடிந்திருக்கும். ஒவ்வொரு பாதியும் ஓர் அஸ்பார்டிக் அமிலத்தை நடுப் பள்ளத்துக்குள் நீட்டும். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டிவிட, அது போய்ப் பெப்டைடு பிணைப்பைத் தாக்கும். எச்.ஐ.வி. புரோட்டியேஸிலோ வெறும் 99 அமினோ அமிலங்கள்தான். அஸ்பார்டிக் அமிலத்தோடு வரும், இந்தக் குடும்பத்தின் அடையாள வரிசையும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பாதி நொதி எப்படி வேலை செய்யும்?

ஒரு கை தட்டினால் ஓசை வராது. ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால்தான் இந்த நொதி. சங்கிலிக்கு ஒன்றாக, 25-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலங்கள் இரண்டும் நடுவில் எதிரெதிரே வந்து நிற்கும். படிகம் கிடைப்பதற்கு முன்பே, 1987-இல், பெர்லும் டெய்லரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாதிரி போட்டுச் சொல்லிவிட்டார்கள். பெப்சினே ஒரு காலத்தில் இப்படி இரண்டு தனிச் சங்கிலிகளாக இருந்து, பிறகு மரபணு இரட்டித்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்ற கருத்தும் 1978-இலேயே இருந்தது. வெட்டும் மையம் இந்தச் சங்கிலியிலும் இல்லை, அந்தச் சங்கிலியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கரும்பலகை உருண்டையில் இதை எப்படிக் காட்டுவீர்கள்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1989-ஆம் ஆண்டைப் பற்றி.

அந்த ஆண்டு பிப்ரவரியில், ஒரு வார இடைவெளியில், நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. முதலாவது, மேரிலாந்தில் ஃபிரெடெரிக் நகரில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வகத்தில் அலெக்சாண்டர் வ்லோதாவரின் குழு செய்தது. கோழிகளைத் தாக்கும் ரவுஸ் சர்கோமா வைரஸின் புரோட்டியேஸ். இரண்டாவது, மெர்க்கில் மானுவல் நாவியாவும் கூட்டாளிகளும் செய்த எச்.ஐ.வி. புரோட்டியேஸ். மெர்க் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அர்விங் சீகல். கட்டுரை அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட விமானத்தில் அவரும் இருந்தார்.

மெர்க் கட்டமைப்பின் பிரிதிறன் 3 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்றால் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள பிணைப்பு சுமார் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம். ஆக, 3 ஆங்ஸ்ட்ராமில் அணுக்கள் தனித்தனியாகத் தெரியாது. சங்கிலி போகும் தடம் தெரியும், பக்கக் கிளைகள் புடைப்புகளாகத் தெரியும். இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். படிகவியலில் நேரடியாகக் கிடைப்பது மூலக்கூறின் புகைப்படம் இல்லை. கிடைப்பவை எக்ஸ் கதிர்கள் சிதறி விழுந்த புள்ளிகள். புள்ளிகளின் செறிவை அளக்கலாம். அலைகள் எந்தக் கட்டத்தில் வந்தன என்பதை அளக்க முடியாது. அதை வேறு வழிகளில் தேற்றி, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் வரும். அந்த வரைபடத்துக்குள் சங்கிலியை ஓட்டிப் பொருத்துவது மனிதர்தான். புத்தகத்தில் நாம் பார்க்கும் வண்ண ரிப்பன் படம், அடர்த்தியைப் பார்த்து ஒருவர் செய்த முடிவு. அடர்த்தி மங்கலாக இருக்கும் இடத்தில் முடிவும் மங்கல்தான். ரிப்பன் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே பளபளப்போடு இருக்கும். அதுதான் அதில் உள்ள வம்பு.

மெர்க் குழு ஒட்டுமொத்த மடிப்பைச் சரியாகப் பிடித்திருந்தது. நடுவில் இருந்த இரட்டை அஸ்பார்டிக் அமிலமும் சரி. ஆனால் சங்கிலியின் அமினோ முனையில் இருக்கும் சில அமிலங்கள் அவர்களுடைய வரைபடத்தில் இடம் பிடிக்கவில்லை. கார்பாக்சில் முனைக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு துண்டின் வடிவமும் சரியாக அமையவில்லை. கோழி வைரஸின் கட்டமைப்பைக் கையில் வைத்திருந்த வ்லோதாவர் குழுவுக்கு இங்கே சந்தேகம். ஆனால் அவர்களிடம் எச்.ஐ.வி. புரதம் போதுமான அளவு இல்லை.

அதைக் கொடுத்தவர் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த ஸ்டீபன் கென்ட். பாக்டீரியாவில் வளர்த்துக் கொடுக்கவில்லை; அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, 99 கண்ணியும் முழுக்க வேதியியல் முறையிலேயே செய்து கொடுத்தார். வேதியியல் ஆசிரியர்களே, இந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். மெரிஃபீல்டுக்கு 1984-இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த திண்மநிலைத் தொகுப்பு முறை அது. சங்கிலியில் வரும் இரண்டு சிஸ்டீன்கள் தொல்லை தரும் என்று, அவற்றுக்குப் பதிலாக இயற்கையின் மரபுக் குறியீட்டில் இல்லாத அமினோபியூட்டிரிக் அமிலத்தை வைத்தார்கள். உயிருள்ள எந்தச் செல்லும் தொடாத அந்தப் பொடி, கரைத்து மடியவிட்டதும் புரதங்களை வெட்ட ஆரம்பித்தது. உயிர்ப்பொருளுக்கு ஏதோ தனிச் சக்தி தேவை என்று நினைக்கும் மாணவர் உங்கள் வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவருக்கு இதைச் சொல்லுங்கள். கென்ட் குழு அதோடும் நிற்கவில்லை. 1992-இல் அதே நொதியை முழுக்க டி-வகை அமினோ அமிலங்களால், கண்ணாடிப் பிம்பமாகச் செய்து காட்டியது. அது டி-வகைப் பெப்டைடை மட்டும் வெட்டியது. இயற்கையான எல்-வகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. இடவல மாற்றியம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கென்ட் கொடுத்த புரதத்தில் வளர்த்த படிகத்தின் கட்டமைப்பு 1989 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் வந்தது. பிரிதிறன் 2.8 ஆங்ஸ்ட்ராம், மெர்க்கைவிடப் பெரிதாக உயர்வில்லை. ஆனால் 99 அமிலங்களும் இருக்குமிடம் தெரிந்தது. முன்பு காணாமல் போயிருந்த முனைகள் அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு சங்கிலிகளின் அமினோ முனைகளும் கார்பாக்சில் முனைகளும், ஆக நான்கு இழைகள், ஒன்றோடொன்று ஊடுபாவாகச் சேர்ந்து ஒரு பீட்டா தாளாக நின்றன. இரு சங்கிலிகளையும் பிடித்து வைத்திருக்கும் பிடிப்பில் பெரும்பங்கு இந்தத் தாளுடையது. முதல் வரைபடத்தில் கிடைக்காமல் போனது ஏதோ ஓரத்துத் துணுக்கு என்று நினைத்தால், அதுவே நொதியைச் சேர்த்துக் கட்டும் முடிச்சாக இருந்தது.

இதைச் சொல்லி மெர்க் குழுவைக் கேலி செய்வது நியாயமாகாது. தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்று அவர்கள் எழுதியதால்தான் மற்றவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். ஆறே மாதத்தில் வேறொரு குழு வேறொரு வழியில் செய்த புரதத்தை வைத்துத் திருத்தியது. இப்படித் திருத்துவதற்கு நம்மிடம் உள்ள கருவிகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று சொல்கிறது. உலகில் எங்கே புரதக் கட்டமைப்பு செய்தாலும் இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ராமச்சந்திரன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த வரைபடத்தை ஒருமுறை திறந்து காட்டுகிறோமா?

இனி பூட்டு சாவிக்கு வருவோம். 1989 டிசம்பரில் வ்லோதாவர் குழு, ஒரு தடுப்பான் உள்ளே பிடிபட்ட நிலையில் நொதியின் கட்டமைப்பை வெளியிட்டது. வெறும் நொதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் மேலே, சங்கிலிக்கு ஒன்றாக, இரண்டு பீட்டா வளைவுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃபிளாப் என்பார்கள், மூடி என்றே சொல்லலாம். உள்ளே ஒன்றும் இல்லாதபோது மூடிகள் விலகி நிற்கின்றன. தடுப்பான் உள்ளே வந்ததும் இரண்டும் இறங்கி அதன் மேல் படிகின்றன. நுனிகள் ஏழு ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நகர்கின்றன. மூடிகளுக்கும் தடுப்பானுக்கும் நடுவில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு, நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளோடு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. பெப்சினில் அப்படி ஒன்று இல்லை. அந்த நீரை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைத் தானே பிடிக்கும் மருந்து செய்தால் வைரஸ் நொதியை மட்டும் தாக்கலாமே என்று ஒரு குழு வளைய யூரியா சேர்மங்களைச் செய்து 1994-இல் வெளியிட்டது. காகிதத்தில் அத்தனை அழகான திட்டம். கடைசியில் மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. கட்டமைப்பு தெரிந்தால் மருந்து தானாக வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லுங்கள்.

வந்து சேர்ந்தவை வேறு. ரோஷ் நிறுவனத்தின் சாக்வினாவிர் 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அபாட்டின் ரிட்டோனாவிரும் மெர்க்கின் இன்டினாவிரும் 1996 மார்ச்சில். மூன்றின் சூட்சுமமும் ஒன்றுதான். நீர் தாக்கும் அந்தக் கணத்தில் பெப்டைடு பிணைப்பின் கார்பன் தட்டை நிலையை விட்டு நான்முகி ஆகிறது. அந்த வடிவத்தைப் போலச் செய்து, ஆனால் வெட்ட முடியாத கார்பன்-கார்பன் பிணைப்பை உள்ளே வைத்துவிட்டால் நொதி கவ்விய வாயைத் திறக்க முடியாது. பழைய மருந்துகளோடு இவற்றையும் சேர்த்துக் கூட்டு மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியதும், அமெரிக்காவில் எச்.ஐ.வி. இறப்பு விகிதம் 1996-க்கும் 1997-க்கும் இடையில் 47 சதவீதம் விழுந்தது. நம் பக்கத்தில் இது வர நாளாயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டுபிடித்தது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அரசின் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. முதல் மருந்துகள் கைவிட்டவர்களுக்கு இந்தப் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரைகள் தாம்பரம் சானடோரியத்தில் கிடைக்கத் தொடங்கியது 2008-இல்.

ரிட்டோனாவிர் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. படிகத்தைப் பார்த்துச் செய்த மருந்தைப் படிகமே கவிழ்த்தது. விற்பனைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், கேப்சூலுக்குள் அதே மூலக்கூறு அதுவரை யாரும் பார்த்திராத வேறொரு படிக வடிவத்தில் அடுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. புது வடிவம் எளிதில் கரையாது. தொழிற்சாலையில் ஒருமுறை அது தலைகாட்டிய பிறகு பழைய வடிவத்தைச் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. கேப்சூல்களைச் சந்தையிலிருந்து எடுத்து, புதிதாக வேறு வகையில் தயாரிக்க வேண்டியதாயிற்று. பல்லுருத்தோற்றத்துக்குக் கந்தகத்தையே எத்தனை காலம்தான் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பது?

கரும்பலகைப் படத்தின் பெரிய பொய் இன்னொன்று. அதில் பூட்டு மாறுவதே இல்லை. எச்.ஐ.வி. தன்னைப் பிரதியெடுக்கும்போது ஏராளமாகப் பிழை செய்கிறது. புரோட்டியேஸின் 82-ஆம் இடத்தில் இருக்கும் வேலின், அதைவிடச் சிறிய அலனினாக மாறினால் ரிட்டோனாவிர் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இடம் காலியாகிவிடுகிறது, மருந்து நழுவும். ஆனால் வைரஸின் சொந்தச் சங்கிலிகளை வெட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கும். காரணம், இந்த நொதி வெட்டும் பத்து இடங்களிலும் அமினோ அமில வரிசை ஒன்றுபோல் இல்லை. அவை பள்ளத்துக்குள் நிரப்பும் உருவம்தான் ஒன்றுபோல் இருக்கிறது என்று செலியா ஷிஃபரின் ஆய்வு காட்டியது. அந்த உருவத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மருந்தைத்தான் வைரஸ் சுலபமாக ஏமாற்றும். அருண் கோஷ் வடிவமைத்து 2006-இல் வந்த டருணாவிர், மாறக்கூடிய பக்கக் கிளைகளை அதிகம் நம்பாமல் நொதியின் முதுகெலும்பையே பற்றிக்கொள்கிறது. கிளை மாறலாம், முதுகெலும்பை மாற்றினால் நொதியே குலைந்துவிடும்.

கொரோனா காலத்தில் 'எச்.ஐ.வி. மாத்திரை கொரோனாவுக்கும் கேட்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கும். லோபினாவிர் என்ற எச்.ஐ.வி. புரோட்டியேஸ் தடுப்பானைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸும் இரண்டு சங்கிலி சேர்ந்ததுதான். ஆனால் அது வெட்டுவது சிஸ்டீனைக் கொண்டு, பள்ளமும் வேறு. அதற்கென்று செய்த மருந்து 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிடில் இருக்கிறது. கூடவே பழைய ரிட்டோனாவிரும் இருக்கிறது. அது வைரஸைத் தொடுவதே இல்லை, நம் கல்லீரல் நொதி அந்த மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடாமல் தடுக்கிறது. ஒரு தடுப்பானின் பக்கவிளைவே அதன் பிழைப்பானது இப்படி.

இப்போது கணினியே கட்டமைப்பைச் சொல்லிவிடுகிறதே, 2024-இல் அதற்கு நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்களே, படிகம் எதற்கு என்று உங்கள் கெட்டிக்கார மாணவர் கேட்பார். அந்த நிரல் கற்றுக்கொண்டதே படிகக் கட்டமைப்புகள் குவிந்திருக்கும் புரதத் தரவு வங்கியிலிருந்துதான். நிரல் தரும் படத்திலும் எந்தப் பகுதி எவ்வளவு நம்பகம் என்று வண்ணம் போட்டே தருகிறார்கள். அந்த வண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். வங்கியில் எச்.ஐ.வி. புரோட்டியேஸ் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. காசில்லை, மொபைலிலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். மூடி திறந்த ஒன்றையும் மூடிய ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. எய்ட்ஸ் பாடத்தை நாம் பெரும்பாலும் பயமுறுத்தலாகவே நடத்தி வந்திருக்கிறோம். சிகிச்சையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதையும் இதே பாடத்தில் சொல்லுங்கள். பிறக்கும்போதே தொற்று வந்து, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளை உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கக் கூடும். அந்தப் பிள்ளையைப் பாகுபடுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்தே சொல்கிறது. அதனால் மருந்தின் படத்தைத் திரையில் போடும்போது, 'இதை யாராவது வீட்டில் பார்த்திருக்கிறீர்களா?' என்று மட்டும் வகுப்பைப் பார்த்துக் கேட்டுவிடாதீர்கள். மற்ற எந்தக் கேள்வியும் கேளுங்கள்.

அன்புடன்,
படிகவியல் படித்த ஒருவன்